லினக்ஸ் கணினியைச் சுவிட்சாக இயக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய மேசைக் கணினி ஒன்றில் இரண்டு மூன்று வலையமைப்பு அட்டைகளைப் பொருத்தி, லினக்ஸின் உட்கருவான கேர்னலில் உள்ள பாலம் என்னும் வசதியைக் கொண்டு அதைச் சுவிட்சாக இயக்குவோருக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. பாலத்தை உருவாக்க நான்கைந்து கட்டளைகள் போதும். உருவாக்கிய பாலம் ஒருநாள் திடீரென ஓட மறுக்கும்போது எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை.

வன்னியில் இப்படியொரு சுவிட்சை வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள பாடசாலை ஒன்றின் கணினி அறையில் சுவிட்ச் பழுதானால், சாதாரண சுவிட்ச் ஒன்றைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கிவிடலாம். ஆனால் மாணவர் பகுதியையும் அலுவலகப் பகுதியையும் விலான் (ஒரே வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) மூலம் பிரிக்கக்கூடிய வகைச் சுவிட்ச் வேண்டுமென்றால், வெளியூருக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டி வரலாம், விலையும் பல மடங்காகும். எனினும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது மட்டுமே நோக்கம் என்றால், சில வாட் மின்சாரத்தில் ஓடும் சிறிய பெட்டி செய்கிற வேலைக்குப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் கணினியை இரவு பகலாக ஓடவிடுவது வீண். பிரிப்பு, வடிகட்டல், கண்காணிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தேவைப்படும் இடத்தில்தான் கணினிச் சுவிட்ச் தன் மின் கட்டணத்துக்கு ஈடு கொடுக்கிறது.

கடையில் வாங்கும் சாதாரண சுவிட்ச் தனக்குள் நடப்பதை விளக்குகளால் மட்டுமே காட்டும். லினக்ஸ் பாலமோ, ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பொதிகள் (தரவுத் துண்டுகள்) வந்தன, எத்தனை கைவிடப்பட்டன, எந்த வன்பொருள் முகவரி எந்தப் பக்கத்தில் கற்கப்பட்டது என்பவற்றையெல்லாம் எண்ணியும் எழுதியும் வைத்திருக்கிறது. ஆகவே அமைப்பை மாற்றிப் பார்ப்பதற்கு முன், பொதி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். அதைக் காணாமல் மூன்று அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுபவருக்குப் பிழை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது; அடுத்த மாதம் அதே பிழை திரும்பி வரும்போது அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

கீழ்வரும் விளக்கங்களுக்கு இப்படியோர் அமைப்பை மனத்தில் கொள்க. டெபியன் அல்லது உபுண்டு நிறுவப்பட்ட கணினியின் தாய்ப்பலகையில் உள்ள ஈத்0 என்னும் இடைமுகம் 4ஜி ரவுட்டருக்குப் போகிறது; 4 போர்ட் கொண்ட இன்டெல் அட்டையின் ஈத்1 முதல் ஈத்4 வரையிலானவை அறைகளுக்குப் போகின்றன; ஐந்தும் பிஆர்0 என்ற பாலத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. கட்டளைகள் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை வழமையான எழுத்துகளிலேயே அடிக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் காணப்படும் பிஆர்சிடிஎல் கருவியைவிட, ஐபிரூட்2 தொகுப்பிலுள்ள “ஐபி”, “பிரிட்ஜ்” ஆகிய இரண்டையும் பழகிக்கொள்வது நல்லது. விலான் பற்றிய எதையும் பழைய கருவி காட்டாது.

போர்ட்டின் விளக்கே எரியவில்லை

மின்சாரம் கொடுத்தவுடன் எல்லாப் போர்ட்டும் உயிர்பெறுவது கடைச் சுவிட்சின் இயல்பு. லினக்ஸில் ஒவ்வோர் இடைமுகத்தையும் தனித்தனியே “அப்” நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பாலத்தில் சேர்த்தால் மட்டும் அது உயிர்பெறாது. “ஐபி லிங்க்” கட்டளையின் விடையில் “டவுன்” என்று மட்டும் இருந்தால் இடைமுகத்தை எழுப்புங்கள். “நோ-கரியர்” என்றிருந்தால் இடைமுகம் எழும்பிவிட்டது, மறுமுனையிலிருந்து சைகை வரவில்லை என்று பொருள். கேபிளையும் அதன் மறுமுனையையும் பாருங்கள்.

நான்கு போர்ட் அட்டையில் எது ஈத்2 என்று தெரியாமல் தவறான துளையில் கேபிளைச் செருகியிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. “ஈத்டூல்” கட்டளையோடு சிறிய “-பி” சேர்த்து இடைமுகத்தின் பெயரைக் கொடுத்தால், பெரும்பாலான அட்டைகளில் அந்தப் போர்ட்டின் விளக்கு விட்டுவிட்டு எரியும். அப்போதே துளைக்கு மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழைய 100 மெகாபிட் அட்டைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உங்கள் சுவிட்ச் உண்மையில் ஒரு கணினியாதலால், அதன் போர்ட்டுகளின் உள்வயரமைப்பும் கணினிப் போர்ட்டுடையதே. கேபிளின் இணைகளைத் தானாக மாற்றிக்கொள்ளும் திறன் அந்த அட்டைக்கும் மறுமுனைக் கணினியின் அட்டைக்கும் இல்லையென்றால், நேர்க்கேபிளில் விளக்கு எரியாது. குறுக்குக் கேபிள் வேண்டும். கிகாபிட் அட்டைகளில் இந்தக் கவலை இல்லை.

விளக்கு எரிகிறது, ஆனால் எதுவும் கடந்து போகவில்லை

“பிரிட்ஜ் லிங்க்” என்று அடித்துப் பாருங்கள். பாலத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு போர்ட்டும் தன் நிலையோடு ஒரு வரியாக வரும். எதிர்பார்த்த போர்ட் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது பாலத்தில் சேர்க்கப்படவில்லை. எல்லாம் பட்டியலில் இருந்தும் ஒன்றும் போகவில்லையென்றால், பிஆர்0 தானே “டவுன்” நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டுகளை எழுப்பிவிட்டுப் பாலத்தை எழுப்ப மறப்பது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது, வரியில் உள்ள நிலை. “ஃபோர்வேர்டிங்” என்றிருந்தால்தான் பொதிகள் கடக்கும். “லிசனிங்” அல்லது “லேர்னிங்” என்றிருந்தால், வளையத்தடுப்பு நெறிமுறையான எஸ்.ரி.பி. இயங்குகிறது, போர்ட் இன்னும் காத்திருக்கிறது என்று பொருள். இந்த இரு நிலைகளிலும் இயல்பாகத் தலா 15 வினாடிகள் கழியும். எனவே கேபிளைச் செருகிய பின் 30 வினாடிகளுக்கு ஒன்றுமே நடக்காது. மாணவர் கணினி அதற்குள் முகவரி கேட்டு விடை கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்தவர் ரவுட்டர் பழுது என்று முடிவு கட்டுவார். அரை நிமிடம் கழித்துக் கேபிளைத் தொடாமலே முகவரியைப் புதுப்பித்தால் சரியாகிறதென்றால் காரணம் இதுதான். காத்திருப்பு நேரத்தைக் குறைக்கலாம். அல்லது விரைவு வகையான ஆர்.எஸ்.ரி.பி. தேவையென்றால் எம்எஸ்டிபிடி என்னும் தனி நிரலை நிறுவ வேண்டும், ஏனெனில் கேர்னலுக்குள் இருப்பது பழைய வகை மட்டுமே.

அறைக் கணினிகள் தமக்குள் பேசுகின்றன, ஆனால் சுவிட்சாக உள்ள கணினிக்குள் மட்டும் எவராலும் நுழைய முடியவில்லை என்பது வேறோர் அறிகுறி. ஐபி முகவரி ஈத்0 இல் இருக்கிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பாலத்தில் சேர்ந்த இடைமுகம் தன் பொதிகளைப் பாலத்திடம் கொடுத்துவிடுகிறது. ஆகவே முகவரி, இயல்பு வழி, டி.எச்.சி.பி. (முகவரியைத் தானாகப் பெறும் முறை) எல்லாம் பிஆர்0 இல் இருக்க வேண்டும், போர்ட்டில் எதுவும் இருக்கக்கூடாது. தொலைவிலிருந்து எஸ்.எஸ்.எச். என்னும் தொலைநுழைவு வழியாக இந்த மாற்றத்தைச் செய்தால் பாதியிலேயே இணைப்பு அறுந்துவிடும்; விசைப்பலகையும் திரையும் இணைத்து நேரில் செய்யுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பொதி கடக்கவில்லையென்றால், பொதிகளைப் படித்துக்காட்டும் “டிசிபிடம்ப்” கருவியை ஒரு முனையத்தில் ஈத்1 இலும் இன்னொரு முனையத்தில் ஈத்2 இலும் ஓடவிட்டு, ஈத்1 பக்கத்துக் கணினியிலிருந்து ஈத்2 பக்கத்துக் கணினிக்குப் பிங் (விடை கேட்கும் சோதனைப் பொதி) செய்யுங்கள். ஈத்1 இல் தோன்றாவிட்டால் குற்றம் கேபிளிலோ அனுப்பும் கணினியிலோ உள்ளது. ஈத்1 இல் தோன்றி ஈத்2 இல் தோன்றாவிட்டால் பாலம் அதை விழுங்குகிறது. இரண்டிலும் தோன்றி விடை மட்டும் வரவில்லையென்றால் மறுமுனைக் கணினி அதைத் தடுக்கிறது. விண்டோஸ் கணினிகளின் தீச்சுவர் பிங்கைத் தடுப்பது வழமை. இந்த ஒரு சோதனை பிழை இருக்கக்கூடிய இடத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கிவிடும் என்பதால், வேறெதையும் செய்யப் பொறுமை இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஏ.ஆர்.பி. விடை வருகிறது, பிங் வருவதில்லை

மேற்கண்ட சோதனையில் ஏ.ஆர்.பி. (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை) கேள்வியும் விடையும் இருபுறமும் தடையின்றிப் போய்வர, ஐபி பொதிகள் மட்டும் பாலத்தில் காணாமல் போனால், அந்தக் கணினியில் டொக்கர் (நிரல்களைக் கொள்கலன்களில் ஓட்டும் மென்பொருள்) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சாக ஓடும் கணினி சும்மாதானே இருக்கிறது, அதிலேயே பாடங்களுக்கான சேவையகம் ஒன்றையும் வைத்துவிடலாம் என்று யாராவது நிறுவியிருப்பார்.

இங்கே நடப்பது இதுதான். பாலத்தைக் கடக்கும் பொதிகள் இயல்பாக ஐபிடேபிள்ஸ் என்னும் தீச்சுவரின் விதிகளைப் பார்ப்பதில்லை. ஆனால் பிஆர்-நெட்ஃபில்டர் என்னும் கேர்னல் கூறு ஏற்றப்பட்டால், பாலத்தைக் கடக்கும் ஐபி பொதிகளும் அந்த விதிகளுக்கு உட்படுத்தப்படும். டொக்கரின் பல பதிப்புகள் இந்தக் கூறின் துணையோடு இயங்குவதோடு, முன்னனுப்பும் சங்கிலியின் இயல்பு விதியையும் “கைவிடு” என்று மாற்றிவிடுகின்றன. விளைவாக, டொக்கருக்குச் சம்பந்தமே இல்லாத அறைக் கணினிகளின் பொதிகளும் கைவிடப்படுகின்றன. ஏ.ஆர்.பி. என்பது ஐபி பொதி அல்லாததால் தப்பிவிடுகிறது. நேற்று வரை ஓடிய சுவிட்ச் இன்று எந்த மாற்றமும் செய்யாமல் நின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னால், டொக்கர் நிறுவியதை அவர் மாற்றமாகவே எண்ணவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

“எல்எஸ்மொட்” பட்டியலில் அந்தக் கூறு இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிடேபிள்ஸ் முன்னனுப்பும் சங்கிலியின் எண்ணிக்கையைப் பிங் ஓடும்போது கவனியுங்கள். எண்ணிக்கை பிங்கோடு சேர்ந்து கூடினால் ஐயமில்லை. பாலத்தின் பொதிகளை ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பும் சிஸ்சிடிஎல் (கேர்னல் அமைப்புகளை மாற்றும் கருவி) அமைப்பைப் பூச்சியமாக்கினால் உடனே சரியாகும். ஆனால் டொக்கர் மீண்டும் தொடங்கும்போது அது பழையபடி மாறக்கூடும், டொக்கரின் கொள்கலன்களுக்கு இடையிலான தடுப்பும் அதனால் பலவீனமாகும். பிஆர்0 இல் நுழைந்து பிஆர்0 இலேயே வெளியேறும் பொதிகளை அனுமதிக்கும் விதியை டொக்கரின் பயனர் சங்கிலியில் சேர்ப்பது இதைவிட நல்லது. எல்லாவற்றிலும் நல்லது, சுவிட்சாக உள்ள கணினியில் டொக்கரை வைக்காமலிருப்பது.

எல்லா விளக்குகளும் விடாமல் துடிக்கின்றன, ஒன்றும் ஓடவில்லை

இது வளையம். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே வலையமைப்பில் செருகினாலோ, இரண்டு அறைகளின் சிறு சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு இரண்டையும் பாலத்திலும் இணைத்தாலோ, ஒலிபரப்புப் பொதிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈதர்நெட் சட்டகத்தில் (பொதியைச் சுமக்கும் உறையில்) ஆயுளைக் குறைக்கும் எண் எதுவும் இல்லாததால், கேபிளைப் பிடுங்கும்வரை அவை சாகமாட்டா. கணினிச் சுவிட்சில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. செயலி முழுவதும் இந்தப் பொதிகளுக்கே செலவாகி, விசைப்பலகையில் அடிக்கும் எழுத்துக்கூடத் திரையில் தாமதித்து வரும்.

கேர்னல் பதிவில் “தன் சொந்த முகவரியையே மூலமாகக் கொண்ட பொதி இந்தப் போர்ட்டில் வந்தது” என்ற பொருளுடைய எச்சரிக்கை வரிகள் குவிந்திருக்கும். அந்த வரியில் உள்ள போர்ட்டின் பெயரே வளையம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடும். “பிரிட்ஜ் மொனிட்டர்” கட்டளையை முகவரி அட்டவணைக்காக ஓடவிட்டால், ஒரே முகவரி ஈத்1, ஈத்2 என்று மாறி மாறித் தாவுவதையும் காணலாம். திரை அசையவே மறுக்கிறதென்றால் அறைகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் துடிப்பு அடங்குகிறதோ அதன் பக்கமே வளையம் இருக்கிறது.

கட்டளையால் உருவாக்கிய லினக்ஸ் பாலத்தில் எஸ்.ரி.பி. இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாலத்தின் இரண்டு போர்ட்டுகளைத் தொடும் வளையத்தை, அதை இயக்கினால் தடுக்கலாம்; அதற்கு விலை மேலே சொன்ன 30 வினாடிக் காத்திருப்பு. மாணவர்கள் கேபிள்களைத் தொடக்கூடிய அறையில் நான் அந்த விலையைக் கொடுக்கவே சொல்வேன். ஆனால் வளையம் ஓர் அறையின் சிறு சுவிட்சுக்குள்ளேயே, அதாவது பாலத்தின் ஒரே போர்ட்டுக்கு அப்பால் இருந்தால், எஸ்.ரி.பி.யால் அதை அவிழ்க்க முடியாது. அத்தகைய புயல் மற்ற அறைகளுக்குப் பரவாமலிருக்க, அந்தப் போர்ட்டில் நுழையும் ஒலிபரப்புப் பொதிகளின் வேகத்துக்கு “டிசி” கட்டளையால் வரம்பு வைக்கலாம். வரம்பு புயலை நிறுத்தாது. மற்ற அறைகள் ஓடுவதற்கு இடம் விடும்.

சில கணினிகளுக்கு மட்டும் வேறு வரிசையில் முகவரி வருகிறது

அலுவலகத்துக்கென்று ஒரு 4ஜி ரவுட்டரும் அதிபர் அறைக்கென்று இன்னொன்றும் வாங்கப்பட்டு, இரண்டும் ஒரே வலையமைப்பில் செருகப்பட்டிருக்கும். இரண்டும் டி.எச்.சி.பி. விடை கொடுக்கும், எது முந்துகிறதோ அதன் முகவரி கணினிக்குப் போகும். காலையில் ஓடிய கணினி மாலையில் ஓடாமல் போவதும் இதனால்தான். டிசிபிடம்பில் 67, 68 ஆகிய போர்ட் எண்களை (டி.எச்.சி.பி. பயன்படுத்தும் எண்கள்; அட்டையின் துளைகள் அல்ல) மட்டும் வடிகட்டிப் பார்த்தால், எந்த இடைமுகத்தின் வழியே எந்த முகவரியுள்ள கருவி விடை கொடுக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கணினிச் சுவிட்ச் உண்மையில் பெயர் வாங்கும் இடம் இது. பொதி வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸில் பாலத்துக்கென உள்ள அட்டவணையில், ஈத்0 தவிர்ந்த போர்ட்டுகளிலிருந்து வரும், மூலப் போர்ட் எண் 67 கொண்ட யு.டி.பி. பொதிகளைக் கைவிடும் ஒரே விதி போதும். அதன்பின் எந்த அறையில் எவர் எந்த ரவுட்டரைச் செருகினாலும், அதன் விடை அந்த அறையைத் தாண்டாது.

ஓடுகிறது, ஆனால் மெதுவாக

முதலில் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இணையத்தில் வேகம் பார்க்கும் தளம் 4ஜி இணைப்பை அளக்கிறது, உங்கள் சுவிட்சை அல்ல. முல்லைத்தீவுக் கரையோரத்தில் மாலைவேளைகளில் கோபுரம் நெரிசலாகி வேகம் குறைந்தால் அதற்குப் பாலம் பொறுப்பாகாது. ஈத்1 பக்கம் ஒரு கணினியும் ஈத்2 பக்கம் ஒரு கணினியும் வைத்து, அவை இரண்டுக்கும் இடையே “ஐபெர்ஃப்3” என்னும் வேகமளக்கும் கருவியை ஓடவிட்டு அளப்பதே சரி.

அளவு 94 மெகாபிட் அருகே நின்றால், எங்கோ ஓர் இணைப்பு கிகாபிட்டுக்குப் பதிலாக 100 இல் நிற்கிறது. ஈத்டூல் ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் காட்டும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஆகவே எலி கடித்தோ, முனை சரியாக அமுக்கப்படாமலோ மற்ற இரண்டில் ஓரிணை அறுந்தால், இணைப்பு சாகாமல் சத்தமின்றி வேகம் குறைந்துவிடும்.

அளவு பத்துக்கும் கீழே விழுந்து, பிழை எண்ணிக்கையும் ஏறினால், இருவழித் தொடர்பின் பொருத்தமின்மையைச் சந்தேகியுங்கள். ஒரு முனையில் 100 முழு இருவழி என்று கையால் பூட்டி, மறுமுனையைத் தானாகப் பேசிக்கொள்ள விட்டால், மறுமுனை அரை இருவழியை (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) தேர்ந்துகொள்ளும். சிறு பிங் போய்வரும். கோப்பு நகலெடுப்பது தவழும். இரு முனைகளையும் தானியங்கியாக விடுவதே தீர்வு.

அட்டைகள் பொருந்தியிருக்கும் பாதையும் முக்கியம். பழைய பி.சி.ஐ. துளை முழுவதற்கும் சேர்த்து உச்ச வேகம் வினாடிக்கு 133 மெகாபைட். அதில் செருகிய இரண்டு கிகாபிட் அட்டைகளுக்கு இடையே போகும் பொதி அந்தப் பாதையை இரு முறை கடப்பதால், பாதியளவுக்கு மேல் கிடைக்காது. யு.எஸ்.பி. 2.0 வழி இணைப்பிகள் கிகாபிட் என்று பெயர் கொண்டாலும் 480 மெகாபிட் பாதையில்தான் ஓடுகின்றன, நடைமுறையில் அதிலும் குறைவு. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் உள்ள 4 போர்ட் அட்டையே இந்த வேலைக்கு உரியது.

செயலியைக் குறை சொல்வது கடைசியாகட்டும். 64 பைட் சட்டகங்கள் மட்டுமே வந்தால் ஒரு கிகாபிட் போர்ட் வினாடிக்கு ஏறத்தாழ 14 இலட்சத்து 88 ஆயிரம் சட்டகங்களைக் கொடுக்க முடியும்; பழைய செயலி அதைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் கோப்புகளும் காணொளிகளும் பெரிய சட்டகங்களில் போகின்றன, அவற்றின் எண்ணிக்கை அதில் சிறு பங்கே. “டொப்” கருவியில் கேசொஃப்ட்ஐஆர்கியூடி என்னும் செயல் ஒரே செயலிக் கருவை முழுக்கப் பிடித்திருந்தால் மட்டும், குறுக்கீடுகளை மற்றக் கருக்களுக்கும் பகிருங்கள்.

சிறியது போகிறது, பெரியது தொங்குகிறது

பிங் போகும், உள்நுழைவுப் பக்கமும் வரும். கோப்பை இறக்கத் தொடங்கியதும் நின்றுவிடும். எம்.ரி.யூ. (ஒரு பொதியின் உச்ச அளவு) பொருந்தாமையின் முகம் இது. சுவிட்ச் பெரிய பொதியைத் துண்டாக்காது, அனுப்பியவருக்குச் சொல்லவும் மாட்டாது, பேசாமல் கைவிடும். துண்டாக்கத் தடைவிதித்து 1472 பைட் உள்ளடக்கத்தோடு பிங் செய்யுங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து சரியாக 1500 ஆகும். 1472 தொங்கி 1468 போனால், விலான் குறி சேர்க்கும் 4 பைட்டை வழியிலுள்ள ஏதோ ஒரு பழைய அட்டை ஏற்கவில்லை. அட்டையை மாற்றுங்கள், முடியாவிட்டால் அந்த விலானில் உள்ள கணினிகளின் எம்.ரி.யூ.வைக் குறையுங்கள்.

விலான் பிரித்தும் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள்

பாலத்தின் விலான் வடிகட்டல் 2013 இல் கேர்னல் 3.9 உடன் வந்தது. அது இயல்பாக அணைந்தே இருக்கும். அணைந்திருக்கும்போது “பிரிட்ஜ் விலான்” கட்டளையால் எதை எழுதினாலும் அது நடைமுறைக்கு வராது. இயக்கிய மறுகணமே சுவிட்சுக்குள் நுழைய முடியாமல் போனால், நிர்வாக விலானில் பிஆர்0 தானும் உறுப்பினராக இல்லை என்று பொருள். “செல்ஃப்” என்ற சொல்லோடு பாலத்தையே அதில் சேர்க்க வேண்டும்.

கசிவு ஒன்று அதிகம் கவனிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு போர்ட்டும் பிறக்கும்போதே விலான் 1 இல் இருக்கிறது. ஈத்1 ஐ விலான் 10 க்கு மாற்றும்போது உள்வரும் பொதிகள் 10 க்குப் போகும். ஆனால் விலான் 1 இன் உறுப்புரிமை அப்படியே நிற்பதால், அங்குள்ள ஒலிபரப்புகள் குறியின்றி ஈத்1 இல் வெளியேறிக்கொண்டிருக்கும். “பிரிட்ஜ் விலான் ஷோ” காட்டும் பட்டியலில் தேவையற்ற 1 களை ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் நீக்குங்கள்.

மின்சாரம் போய் வந்தது, சுவிட்ச் வரவில்லை

கடைச் சுவிட்ச் மின்சாரம் வந்தவுடன் தானே எழும். கணினிக்கு அது சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும். பயோஸில் மின் இழப்புக்குப் பின் தானே இயங்கும் தெரிவை இயக்குங்கள். பழைய தாய்ப்பலகையில் சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருந்தால் அந்தத் தெரிவும் மறந்துபோகும், சில பலகைகள் எஃப்1 விசையை அழுத்தும்வரை காத்தும் நிற்கும். விசைப்பலகையே இல்லாத கணினியில் அதை யார் அழுத்துவது? மின்கலத்தை மாற்றுவதே மலிவான முதல் வேலை. குறுகிய மின்வெட்டுகளுக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்று இருந்தால் கோப்பு முறைமையும் தப்பும்.

கணினி எழும்பியும் பாலம் இல்லையென்றால், கட்டளைகள் கையால் அடிக்கப்பட்டவை, எங்கும் எழுதப்படவில்லை. உபுண்டு சேவையகப் பதிப்பில் நெட்பிளான் கோப்பிலும், டெபியனில் இடைமுகக் கோப்பிலும் எழுதுங்கள். டெபியனின் அந்த முறைக்குப் பிரிட்ஜ்-யூடில்ஸ் தொகுப்பு வேண்டும். நெட்பிளான் கோப்பில் தாவல் விசையைத் தொடாதீர்கள், இடைவெளி மட்டுமே ஏற்கப்படும். “நெட்பிளான் ட்ரை” என்று அடித்தால், 120 வினாடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு திரும்பும். தூரத்திலிருந்து வேலை செய்வோருக்கு இது பெரிய காவல். மேசைப் பதிப்பில் நெட்வேர்க் மனேஜர் போர்ட்டுகளைத் தானே பிடித்துக்கொண்டு முகவரி கேட்கும். வலையமைப்பை நிர்வகிக்கும் நிரல்களில் ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

பெயர் மாறுவதும் உண்டு. புதிய அட்டை செருகியதும் துளை எண்கள் நகர்ந்து, பெயர்கள் வேறாகிவிடலாம். கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில், வன்பொருள் முகவரியைக் கொண்டு ஒவ்வொரு போர்ட்டுக்கும் நிலையான பெயர் கொடுங்கள். பிஆர்0 இன் வன்பொருள் முகவரியையும் அமைப்பில் எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் பாலம் தன் போர்ட்டுகளில் மிகச் சிறிய முகவரியை எடுத்துக்கொள்வது கேர்னலின் இயல்பு, போர்ட் கூடும்போதும் குறையும்போதும் அது மாறக்கூடும்.

வை-பையைச் சேர்க்க முடியவில்லை. கமராவுக்கு உயிர் வரவில்லை

இவை இரண்டும் பிழைகள் அல்ல. வேறொரு ரவுட்டரோடு வாடிக்கையாளராக இணைந்துள்ள வை-பை இடைமுகத்தைப் பாலத்தில் சேர்க்கக் கேர்னல் மறுக்கும், ஏனெனில் தன்னோடு இணைந்த கருவியின் முகவரியிலிருந்து வரும் சட்டகங்களையே அந்த ரவுட்டர் ஏற்கும். கணினியே ஹொஸ்ட்ஏபிடி வழியாக வை-பை கொடுக்கும் நிலையில் இருந்தால் சேர்க்கலாம். கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் கமராக்களுக்குச் சாதாரண வலையமைப்பு அட்டை மின்சாரம் கொடுக்காது. இடையில் மின்செலுத்தி ஒன்று வைக்க வேண்டும்.

இடி மின்னலுக்குப் பின் ஒரு போர்ட் மட்டும்

பருவமழைக்கு முந்திய இடிமுழக்க நாட்களில், கட்டடங்களுக்கு இடையே வெளியில் ஓடும் செப்புக் கேபிள்களே முதலில் அடிவாங்கும். முழுதாகச் செத்த போர்ட் ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடும். பாதி செத்த போர்ட்டோ விளக்கை எரித்துக்கொண்டே சட்டகங்களைக் கெடுக்கும். “ஈத்டூல்” பெரிய “-எஸ்” விடையில் சி.ஆர்.சி. (சட்டகம் கெட்டதைக் காட்டும்) பிழைகள் ஏறினால், கேபிளை மட்டும் நல்ல போர்ட் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். பிழை கேபிளோடு போனால் கேபிள். பழைய போர்ட்டிலேயே தங்கினால் அட்டை. கேர்னல் பதிவில் அனுப்பும் வரிசை காலங்கடந்தது என்ற எச்சரிக்கையும் வந்தால் அட்டையைச் சந்தேகிக்க இன்னொரு சான்று கிடைத்ததாகும். அந்தப் போர்ட்டைப் பாலத்திலிருந்து நீக்கி, துளையை ஒட்டி மூடிவிட்டு, மற்ற மூன்றின் எண்ணிக்கையையும் சில நாட்கள் கவனியுங்கள். அவற்றிலும் பிழை ஏறத் தொடங்கினால் அட்டை முழுவதையும் மாற்ற வேண்டும். கட்டடங்களுக்கு இடையிலான அந்த ஓட்டத்தை, இரு முனையிலும் மின்சைகையை ஒளியாக மாற்றும் பெட்டி வைத்து ஒளியிழையாக்கினால், மின்னல் செப்பு வழியே மறுகட்டடத்துக்குப் பயணிக்க வழியிராது. புதிய அட்டையைச் செருகியபின் அதன் வன்பொருள் முகவரிகளை லிங்க் கோப்பில் திருத்த மறக்க வேண்டாம்; பழைய முகவரிகள் அங்கே இருக்கும்வரை புதிய போர்ட்டுகள் பாலத்தில் சேரமாட்டா.